திரும்பிப் பார்க்காத நாய்கள்

இறங்க வேண்டியது இராஜபாளையம். நான் இறங்கி நின்றது ஸ்ரீவில்லிபுத்தூரில். பெட்டியில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு எழுந்தார்கள், நானும் எழுந்துவிட்டேன். ரயில் போன பிறகுதான் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் படுத்திருந்தது. ஐந்து நிமிடத்தில் பிளாட்பாரம் காலியாகி, நானும் என் இரண்டு பெட்டிகளும் மிச்சம். அறிவிப்பு செய்திருப்பார்கள். எனக்குக் கேட்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது மந்தம். முப்பத்தைந்து வயதில் தொடங்கியது, இப்போது அறுபதை நெருங்குகிறேன். இரண்டு காதிலும் மெஷின் உண்டு, முடிக்குள் மறைந்துகிடக்கும். மெஷின் போட்டுக்கொண்டு எதிராளியின் உதட்டையும் பார்த்தால் பேச்சு முழுசாகப் பிடிபடும். பயணத்தில் மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். அப்போது உலகம் பஞ்சில் பொதிந்ததுபோல மெத்தென்று ஆகிவிடும். அந்தச் சுகத்துக்காகத்தான் அவ்வப்போது இப்படி ஊர் மாறி இறங்குகிறேன்.

மலேசியாவில், கிள்ளானில், மருத்துவமனைகளுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பேண்டேஜும் காயத்துக்கு வைத்துக் கட்டும் காஸ் துணியும் எட்டு வருடமாக இராஜபாளையத்து அலமேலுவிடமிருந்து வருகின்றன. ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை, பேசியதுமில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்துதான். அவள் அழைத்தால் "கடையில் கூட்டம்" என்று எழுதிவிடுவேன். காது கேட்காதவளோடு வியாபாரம் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கடைசி இரண்டு சரக்கில் நெசவு இளகியிருந்தது. சண்டை போட வேண்டுமானால் நேரில் போட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம்.

பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறும் முன் சூடாகப் பால்கோவா வாங்கினேன். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள், மடியில் கத்தரிக்காய்ப் பை. மெஷினை மாட்டிக்கொண்டேன். "எந்தூர்லருந்து வாறீய?" என்றார். சொன்னேன். "ஆத்தாடி, எம்புட்டு தூரம்! அங்க பால்கோவா கெடைக்குமா?" டப்பாவில் கிடைக்கும், ஆனால் ஆறிப்போயிருக்கும் என்றேன். "ஆறிப்போனா அது பால்கோவாவா?" என்று மலேசியாவுக்கே தீர்ப்பு சொல்லிவிட்டு, என் பொட்டலத்திலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். யாரும் கோபப்படவில்லை. எங்கள் ஊராக இருந்தால் ஆளாளுக்குப் போனைத் தூக்கி வீடியோ எடுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றார்கள். சாரல் விழுந்தது, விழுகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. மெஷின் நனையக் கூடாது என்று கழற்றினேன். சத்தமில்லாத மழை, சத்தமில்லாத ஜனம். ஒரு மயில் அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து போனது. நான் எதற்கு வந்தேன் என்பதே சற்று நேரம் மறந்துபோனது.

பஸ் நின்றுவிட்டது என்று அலமேலுவுக்கு எழுதியிருந்தேன். அரை மணி நேரத்தில் சாரல் விட்டது, மெஷினை மாட்டிக்கொண்டேன், குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கனத்த உடம்பு, காதில் பென்சில். "ஈஸ்வரிக்காதானே? போட்டோல இன்னும் கொஞ்சம் செவப்பா இருந்தீய!" என்று பெட்டிகளைத் தூக்கிப் பின்னால் போட்டாள். வண்டியின் பின்தட்டில் ஒரு நாய் நின்றது. தலை முதல் வால் வரை ஒரே வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்க்கத் தொடங்கியது. "மல்லி. எங்க வீட்டு மகாராணி. எவன் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா" என்றாள் அலமேலு.

நெசவுச் சண்டை பத்து நிமிடத்தில் முடிந்துபோனது. "தறிக்காரன மாத்துனேன்க்கா, கழுதை ஏமாத்திட்டான். பழையவன கூப்பிட்டுட்டேன்" என்று அவளே சொல்லிவிட்டாள். ஊருக்கு வெளியே அவளுடைய முற்றம். வெளுத்த காஸ் துணி வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. காற்று வந்தால் அத்தனை வரிசையும் ஒன்றாக மூச்சு விட்டு அடங்கும். வரிசைகளுக்கு நடுவே வெள்ளை நாய்கள் நடந்தன. எது துணி, எது நாய் என்று கண் தடுமாறியது. மதியம் பருப்புப்பொடி போட்டு நெய் ஊற்றிச் சோறு, பிறகு சப்பட்டை மாம்பழம். ஒரு மாம்பழம் போதும் என்றேன், மூன்று தின்றேன். அலமேலு என்னோடு தமிழ் பேசினாள், வீட்டாரோடு தெலுங்கு. நாய்களைக் கூப்பிடவும் தெலுங்குதான்: "ரா, ரா!" சில வந்தன. மல்லி வரவில்லை. அதில் அலமேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மல்லியின் தங்கை போட்ட குட்டிகளுக்கு அன்று முப்பதாம் நாள். ஐந்து குட்டி, ஐந்தும் சுண்ணாம்பு வெள்ளை. "நல்ல நாளா வந்திருக்கீய. இன்னைக்குத் தட்டு தட்டணும். நீங்களே தட்டுங்கக்கா" என்று என் கையில் ஒரு வெண்கலத் தட்டையும் கரண்டியையும் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். தாம்பாளத்தில் கேப்பைக் கூழும் பாலும் ஊற்றி வைப்பார்கள். குட்டிகள் மொய்த்துக் குடிக்கும்போது பின்னாலிருந்து தட்டை ஓங்கி அடிக்க வேண்டும். பயந்து ஓடுகிற குட்டிகள் வேண்டியவர்களுக்குப் போகும். அசையாத குட்டி வீட்டுக்கு. அதைத்தான் வளர்த்து அடுத்த வம்சத்துக்கு விடுவார்கள். "அந்தக் காலத்துல பன்னி வேட்டைக்குப் போற நாய்க்கா. பன்னி உறுமுனா பின்வாங்கக் கூடாதுல்லா? எங்க மாமனாரு, அவிய அப்பா, எல்லாரும் தட்டு தட்டித்தான் எடுத்தாவ. இப்ப வேட்டை கெடையாது, சட்டம் விடாது. ரத்தம் மாறக் கூடாதுல்லா" என்றாள். நாயை விற்பதுண்டா என்று கேட்டேன். "நாய் வித்த காசு குரைக்காதும்பாவ. ஆனா எங்க வீட்டுல விக்கிறதே கெடையாது. குடுக்கறதுதான்."

ஓங்கி அடித்தேன். நான்கு குட்டிகள் நாலு பக்கம் சிதறின. ஐந்தாவது குடித்துக்கொண்டே இருந்தது. முற்றத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி குங்குமம் எடுக்க ஓடினாள். நான் மட்டும் அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி கழித்து அது தலையைத் தூக்கியது. இரண்டு பக்கமும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தது. ஓடிய குட்டிகளைப் பார்த்தது. பிறகு அதுவும் அவற்றின் பின்னால் ஓடியது, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல்.

கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்த பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்து நானும் சிரிப்பேனே, அதே ஒரு நொடி தாமதம். அந்தக் குட்டிக்குத் தைரியம் ஒன்றும் இல்லை. அதற்குக் காது கேட்காது.

மதியத்துக்கு மேல் மல்லியைப் பற்றிய சந்தேகமும் தீர்ந்தது. திடீரென்று சாரல் பிடித்துக்கொண்டது. துணியை எடுக்கச் சொல்லி ஒருத்தி தகரத்தைப் போட்டு அடித்தாள். எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். மற்ற நாய்கள் குதித்தெழுந்து குறுக்கும் நெடுக்கும் ஓடின. கழிவுத் துணிக் குவியலில் மல்லி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைமாட்டிலேயே தகரம் அதிர்ந்தது. மழைத்துளி மூக்கில் விழுந்ததும்தான் கண் திறந்தது. "பாத்தீயளா அவ திமிர!" என்று அலமேலு நனைந்துகொண்டே சிரித்தாள்.

அன்று மாலை புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கேதான் மீதியைச் சொன்னாள். மல்லி பருவத்துக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வீட்டு வெள்ளை நாயோடு சேர்க்கப் போகிறார்கள். அதுவும் தட்டுக்கு அசையாத நாய்தான். இதைத் தவறவிட்டால் மறுபடி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மல்லியின் அம்மா தும்பையைப் பற்றியும் சொன்னாள். மில் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்ததாம். "ஹாரன் அடிக்கான், அடிக்கான், நகரலியே! நட்ட நடு ரோட்டுல ராஜாத்தி மாதிரி நின்னா. எமனுக்கே ஒதுங்காத சாதிக்கா. அதுக்கு முந்தி இருந்ததும் லாரிதான். எங்க வீட்டு நாய்க்கு மூணு வருசம், நாலு வருசம். வீரனுக்கு ஆயுசு கம்மி." சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. பெருமையும் இருந்தது.

புரோட்டாவைத் தள்ளிவைத்தேன். ஞாயிறு அந்தச் சேர்க்கை நடந்தால் பிறக்கிற குட்டிகளிலும் தட்டுக்கு அசையாதது ஒன்றிரண்டு இருக்கும். அதற்குக் குங்குமம் வைத்து வளர்ப்பார்கள். அதுவும் ஒருநாள் அதே ரோட்டில் நிற்கும். சொன்னால் தடுக்கலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். என் தலைமுடியை ஒதுக்கிக் காட்ட வேண்டியிருக்கும். பிறகு அவள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிற பெருமையைப் போட்டு உடைக்க வேண்டும்.

அந்தப் பெருமை எனக்குப் புதிதல்ல. எஸ்டேட்டில் என் அப்பாவுக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். கங்காணி கூப்பிட்டாலே திரும்ப மாட்டார் என்பார்கள். நானும் தலை நிமிர்ந்து நடந்தேன், திமிர் பிடித்தவர் மகள் என்று. என் காது மங்கத் தொடங்கியபோதுதான் அவருக்கு என்ன இருந்தது என்று புரிந்தது. ஆனால் வெளியே சொல்லவில்லை. காய்ச்சலில் போய்விட்டது என்று சொன்னேன். ஒரே மகள் தர்ஷினியிடமும் அப்படியே. பரம்பரை என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்ற பயம். அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது, ஜொகூரில் வேலை. ஒரு வருடமாக அவள் எனக்குப் போன் செய்வதில்லை, எழுதித்தான் அனுப்புகிறாள். தீபாவளிக்கு வந்தவள் என் உதட்டையே பார்த்துப் பேசினாள். பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை அலமேலு என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கோயில் பார்க்கக் கூட்டிப்போனாள். ஆண்டாளைப் பார்த்துவிட்டு மடவார் வளாகத்துக்கு வந்தோம், வைத்தியநாத சுவாமி கோயில். உச்சிவேளை நெருங்கியதால் பிராகாரத்தில் ஆள் இல்லை. கல் தரை வெதுவெதுப்பாக இருந்தது. தூணுக்குத் தூண் வெயில் விழுந்து கிடந்தது. அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது. எதிரே உட்கார்ந்து விபூதியை மடித்துக்கொண்டிருந்தாள் அலமேலு.

"அலமேலு, இங்க பாரு" என்று முடியை ஒதுக்கிக் காட்டினேன். முதலில் ஒரு பக்கம். பிறகு மறுபக்கம்.

அவள் வாய் திறந்தபடி இருந்தது. "எட்டு வருசமா..." என்றாள்.

"எட்டு வருஷமா உன் போனை எடுக்காததுக்கு இதுதான் காரணம். கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப நான் சொல்றதைக் கேளு. நேத்து நான் தட்டு அடிச்சப்ப அந்தக் குட்டிக்குக் கேக்கலை. பயமில்லாம நிக்கலை அது. மல்லிக்கும் கேக்காது. எனக்குத் தெரியும், நான் அப்படித்தான் வாழ்றேன்."

"என் நாயச் செவிடுன்னு சொல்லுதீயளா?" குரல் உயர்ந்துவிட்டது. நந்திக்குப் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தலைமுறை தலைமுறையா வந்த சாதிக்கா! நேத்து வந்த நீங்க சொல்லுதீய!" எழுந்து விறுவிறுவென்று போய்விட்டாள். இராஜபாளையம் வரும்வரை என் பக்கம் திரும்பாமல் வண்டியை விரட்டினாள். வியாபாரமும் போச்சு, மரியாதையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முற்றத்தில் மல்லி தூங்கிக்கொண்டிருந்தது. அலமேலு நேராக உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்து பின்பக்கம் போனாள். நிழல் விழாத பக்கமாக நின்றாள். ஓங்கி ஒரு அடி. மல்லியின் விலா ஏறி இறங்கியது, காது அசையவில்லை. இன்னொரு அடி. மூன்றாவது அடிக்கு முற்றத்துப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"தும்பைய அடிச்சிருக்கேன்க்கா" என்றாள். "கூப்பிட்டு வரலன்னு வெளக்கமாத்தால அடிச்சேன். திமிரு திமிருன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். அவளுக்குக் கேக்கலியா அப்ப? லாரி வந்தப்பவும் கேக்கலியா?" தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மல்லி எழுந்து, இரண்டு பேரும் ஏன் அழுகிறோம் என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தது.

சாயந்தரம் காபியோடு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "மாட்டு டாக்டரு அப்பவே சொன்னாரு. வெள்ளைக்கு வெள்ளையே போட்டுட்டு வந்தா காது போகும், கொஞ்சம் நெறம் இருக்கிறதாப் பாத்துச் சேருங்கன்னாரு. படிச்சவன் பேச்சுன்னு தள்ளிட்டேன். நாங்க வெள்ளையில வெள்ளையாத் தேடுனோம், அதுலயும் கேக்காததாத் தேடி எடுத்திருக்கோம். எங்க கையாலயே செஞ்சிருக்கோம்க்கா." காபியை ஆற்றி என்னிடம் நீட்டினாள். பிறகு, "அண்ணாச்சி தோப்புல நெறம் உள்ள நாய் ஒருத்தன் இருக்கான்" என்றாள்.

ஞாயிறு காலை மல்லியை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் போனோம், தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை இல்லை, அதே பெயரில் இங்கே ஒரு சிற்றூர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, பெருமாள் குன்றைத் தாண்டி, ஞானராஜ் அண்ணாச்சி குத்தகைக்கு எடுத்திருக்கிற மாந்தோப்பு. மேகம் மரத்து உயரத்துக்கு இறங்கியிருந்தது. அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் மணி. அதே ஒட்டிய வயிறு, அதே நீண்ட கால்கள், ஆனால் முதுகில் காபி கொட்டியதுபோல் ஒரு பெரிய திட்டு. வேறொரு வீட்டுக் குட்டி. அந்தத் திட்டுக்காகவே கழித்துவிட்டார்கள். "அழுக்குன்னு சொல்லித் தந்தான். நானும் ஒரு வாரம் சோப்பு போட்டுத் தேச்சேன், போகல. சரி, நீ இப்படியே இருலேன்னு விட்டுட்டேன்" என்றார் அண்ணாச்சி.

தோப்பின் கோடியில் ஒரு மாங்காய் விழுந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. மணியின் இரண்டு காதும் அந்தப் பக்கம் திரும்பியதைத்தான் பார்த்தேன். அலமேலு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கொழுந்தன் என்ன சொல்லுவாப்ல?" என்றார் அண்ணாச்சி.

"பேசுவாரு. சாதியக் கெடுத்துட்டாளேன்னு ஊரே பேசும். பேசட்டும். புள்ளியோட பொறந்தாலும் சரி, லாரி வந்தா ஓடி ஒதுங்கத் தெரிஞ்சா போதும்" என்றாள். மல்லியின் கழுத்துக் கயிற்றை அவளே அவிழ்த்துவிட்டாள். நாங்கள் மூவரும் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி மாம்பழம் தின்றோம்.

திரும்பும் வழியில் அப்பாவுக்கும் காது கேட்காது என்பதை அவளிடம் சொன்னேன். தட்டுக்கு அசையாத அந்தக் குட்டியை என்ன செய்ய என்று கேட்டாள். வீட்டோடு வைத்துக்கொள், கையசைத்துக் கூப்பிடு, தரையில் காலைத் தட்டினால் அதிர்வு தெரியும், ரோட்டுப் பக்கம் மட்டும் விடாதே, குட்டி போடவும் விடாதே என்றேன். "சின்ன வயசுல உங்கப்பாவ நீங்க எப்படிக் கூப்பிடுவீய?" என்றாள். முதுகைத் தொடுவேன் என்றேன். அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மாலை ரயிலில் ஏற்றிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று வாயை அகல அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, "போயிட்டு வாங்க" என்றாள். போனதும் எழுதுகிறேன் என்றேன். வண்டி நகர்ந்தது. மலை நீலமாகி, பிறகு மலையா வானமா என்று தெரியாமல் ஆனது. இந்த முறை மெஷினைக் கழற்றவில்லை. தர்ஷினிக்கு எழுத ஆரம்பித்தேன். நான்கு தடவை அழித்தேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்: "எனக்குக் காது காய்ச்சலில் போகவில்லை. தாத்தாவுக்கும் திமிர் இல்லை, அவருக்குக் கேட்காது. அவரிடமிருந்து எனக்கு வந்தது. உனக்கும் தொடங்கிவிட்டதோ என்று ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். ஒரு டாக்டரைப் பாரம்மா."

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. கோபுர விளக்கு தெரிந்தது. பதில் இல்லை. ரயில் கிளம்பிய பிறகுதான் போன் அதிர்ந்தது.

"தெரியும்மா. ரெண்டு வருஷமா மெஷின் போட்டிருக்கேன். டாக்டர் அப்பவே பரம்பரைன்னு சொல்லிட்டாங்க. நீங்க காய்ச்சல்னு சொன்னீங்களா, அதான், நீங்களா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு இருந்தேன்."

சிவகாசி வரும்வரை அதையே படித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை இரண்டு வருடம் தனியாக இருந்திருக்கிறாள்.